எந்தத் தண்ணியை ஊத்துறது? 10 டிப்ஸ் எழுதிய எனக்கு எங்க வீட்டுத் தோட்டம் நடத்திய பாடம்!

“ஏழாவது டிப்ஸ் யாருடி எழுதுனது?”

போனை எடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். 2024 மார்ச் மாதம். சென்னை ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அன்று காலைதான் ‘வீட்டுத் தோட்டம் அமைக்க 10 எளிய வழிகள்’ என்று நான் எழுதிய கட்டுரை வெளியாகியிருந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெயில் காலம் தொடங்கிவிட்டால் தர்பூசணி, வியர்க்குரு, வீட்டுத் தோட்டம் மூன்றும் வந்தே ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கர்கள் வீட்டுக்கு வீடு ‘வெற்றித் தோட்டம்’ போட்டார்கள், 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தன் வீட்டுப் புல்வெளியையே உழுதார் என்றெல்லாம் ஆரம்பித்து, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான்மா எழுதினேன். ஏன்?”

“காலைல, சாயந்திரம் ரெண்டு வேளையும் தவறாம தண்ணி ஊத்துங்கன்னு போட்டிருக்கியே... எந்தத் தண்ணின்னு போடலியே? நம்ம வீட்டுத் தண்ணிய ரெண்டு வேளை ஊத்தித்தான் உன் பீன்ஸு செத்துச்சு.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த பீன்ஸ் விதையை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்ததே நான்தான். செத்தது எனக்குத் தெரியும். ஏன் செத்தது என்று நான் கேட்கவே இல்லை.

ரயில் ஊரில் ஒரு தோட்டம்

எங்கள் ஊர் அரக்கோணம். 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். அதற்கு முன்பு வேலூர் மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் ஒரு ரயில்வே ஜங்ஷன். ரயில் இங்கே நிற்கும், டீ, வடை கிடைக்கும், அவ்வளவுதான். தினமும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிற ஊர். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஜர்னலிசம் டிப்ளமோ முடித்த கையோடு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

ஐந்து சென்ட் மனை. முன்னால் வீடு. பின்னால் இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தோட்டம். அம்மா அதில் வைக்காத செடி இல்லை. ஓரமாக ஒரு தென்னை, ஒரு கொய்யா, முருங்கை. நடுவில் பாத்தி கட்டிக் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், சிறுகீரை. மூங்கில் பந்தலில் ஆடியில் போட்ட அவரையும், பீர்க்கையும், புடலையும். வேலியோரம் குண்டுமல்லி, கனகாம்பரம், நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி. கத்தரியில் அம்மாவுக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரிதான் உசத்தி. வேலூர் பக்கத்துக் கத்தரி. காம்பு, இலை எல்லாம் முள்ளாக இருக்கும். பறிக்கும்போது கையைக் கிழிக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, “இப்பதான் தெரிஞ்சுதா உங்க ஆபீஸுக்கு?” என்று கேட்டது அம்மா. ஆம்பூர் பிரியாணியோடு வருகிற புளிப்பான கத்தரிக்காய் தொக்கை அந்தக் காயில் செய்து பாருங்கள். பிரியாணியே இரண்டாம்பட்சமாகிவிடும்.

ஐ.என்.எஸ் ராஜாளி கடற்படை விமான தளம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பெரிய விமானங்கள் தாழ்வாகப் போகும்போது வீட்டு ஜன்னல் அதிரும். கொய்யா மரத்துக் கிளிகள் மட்டும் அசையாது. “விமானத்துக்கே பயப்படலை, நான் தட்டுற தட்டுக்கா பயப்படப் போகுது?” என்று அம்மா பாதி கொய்யாவைக் கிளிகளுக்கே எழுதி வைத்துவிட்டது.

இந்தத் தோட்டத்துக்கு இத்தனை வருடமும் தண்ணீர் கொடுத்தது, மனையை வாங்கும்போதே இருந்த ஒரு பழைய உறைகிணறு. சுமார் முப்பது அடி ஆழம். 2023 மே மாதம் அது வற்றிவிட்டது. அப்பா 350 அடிக்கு போர் போட்டார். தண்ணீர் பீறிட்டு வந்தது. அதற்குப் பிறகு கிணறு எதற்கு? பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, கிணற்றின் மேல் சிமென்ட் பலகை போட்டு மூடினார்.

போர் போட்ட அன்று ஆயா மட்டும் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தது. அடுத்த நொடியே துப்பியது.

“கரிக்குதுடா. இது செடிக்கு ஆவாது. கெணத்தை மூடாத.”

எங்கள் அப்பாவின் அம்மா. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயதைத் தாண்டியாயிற்று. யாரும் அதன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. இப்போது யோசித்தால், எங்கள் தப்பு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. குடிக்கக் கேன் தண்ணீர் வருகிறது. சமைக்கவும் அதுதான். குழாய்த் தண்ணீர் குளிக்கவும், துவைக்கவும், செடிக்கும் மட்டும். எங்கள் வீட்டில் ஆயாவைத் தவிர அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் யாருமே இல்லை.

மண் ஈரமாக இருந்தும் செடிக்குத் தாகம்

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றும் தெரியவில்லை. மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டே இருந்தது. தை பிறந்ததும் நான் வாங்கிக் கொடுத்த செடி பீன்ஸை அம்மா போட்டது. முளைத்தது, மூன்று இலை விட்டது. மழை நின்றுவிட்டதால் முழுக்க முழுக்க போர் தண்ணீர். மாசியில் பார்த்தால் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது மாதிரி பழுப்பு. பாத்தியின் மேல் மண்ணில் சுண்ணாம்பு தூவினது மாதிரி வெள்ளைப் படிவம். வாடுகிறதே என்று அம்மா இன்னும் ஒரு குடம் ஊற்றியது. செடி இன்னும் வாடியது. ரோஜா இலைகளும் நுனி கருகின. முள்ளங்கி விரல் தடிமனுக்கு மேல் வரவில்லை. குண்டுமல்லி மொட்டு சிறுத்துப்போனது.

கொத்தவரை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி காய்த்துக்கொண்டிருந்தது.

அம்மா போன் செய்த அந்த வாரக் கடைசியில், சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ் மீட்டர் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால், அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத் தோராயமாகக் காட்டும். எங்கள் போர் தண்ணீர் 1,850 காட்டியது. லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம். குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைப்பு சொல்கிற ஏற்கத்தக்க அளவு 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம்.

செடிகளுக்கு என்ன அளவு என்று தேடினேன். ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு இதற்கென்றே அட்டவணை வைத்திருக்கிறது. 450-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை, பயிரைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அதற்கு மேல் போனால் ஆபத்து. பயிர்களிலும் பயந்தவை, தைரியசாலிகள் உண்டு. பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி எல்லாம் உப்பைக் கண்டால் நடுங்குகிறவை. பாசனத் தண்ணீரில் உப்பு சுமார் 1,500-ஐத் தொட்டாலே பீன்ஸ் விளைச்சல் பாதியாகிவிடும். கொத்தவரை, தென்னை எல்லாம் உப்பைத் தாங்குகிறவை.

செடி ஏன் வாடுகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. நாம் ஊற்றும் தண்ணீரில் செடி குடித்தது போக மீதி வெயிலில் ஆவியாகிவிடும். உப்பு ஆவியாகாது, மண்ணிலேயே தங்கிவிடும். தினமும் ஊற்ற ஊற்ற, தினமும் கொஞ்சம் சேரும். மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் சாகும். வாடுகிறதே என்று அம்மா ஊற்றிய ஒவ்வொரு குடமும், பீன்ஸ் வாயில் உப்பை அள்ளிப் போட்ட மாதிரிதான்.

இதையெல்லாம் நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஆயா கேட்டது.

“கொத்தவரை நிக்குதா?”

“நிக்குது ஆயா.”

“அங்கயும் கடைசியா அதான் நின்னுச்சு.”

அறுபது சென்ட்டின் கதை

‘அங்க’ என்றால் வாலாஜாபேட்டை பக்கத்தில் இருக்கும் ஆயாவின் ஊர். அறுபது சென்ட் நிலம், ஒரு கிணறு. கத்தரி, வெண்டை, கனகாம்பரம். விடியற்காலையில் பறித்துக் கூடையில் சுமந்து வாலாஜா சந்தைக்கு நடந்தே போய் விற்றுவிட்டு வருமாம். அந்தக் கதையை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஏன் அந்த ஊரை விட்டு வந்தார்கள் என்பதை மட்டும் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அன்று ஆயா சொன்னது. முதலில் சோறு நிறம் மாறியது. பிறகு கனகாம்பரம் இலை நுனி கருகியது. பிறகு கத்தரி. கொத்தவரையை மட்டும் போட்டு இரண்டு வருடம் ஓட்டினார்கள். அப்புறம் ஒருநாள், தொட்டியில் இருந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “மாடு குடிக்காத தண்ணிய நான் எப்படிடி மனுசனுக்கு ஊத்துவேன்?” 1986-ல் நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அப்போது இருபது வயது. 1989-ல் ரயில்வேயில் வேலை கிடைத்து அரக்கோணம் வந்தார்.

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி இருப்பது தோல் பட்டை. ஆடு, மாட்டுத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க முதலில் அதில் உப்பைத்தான் கொட்டி வைப்பார்கள். பதனிடும்போது அந்த உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். கழுவிய தண்ணீர் பல வருடங்கள் சுத்திகரிக்கப்படாமல் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. உப்போடு, தோல் பதனிடும் குரோமியமும் சேர்ந்துகொண்டது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு ரசாயன ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது இன்னொரு தனிக் கதை.

இதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பை இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லோரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக உறுதி செய்த தீர்ப்பு அது. ஜர்னலிசம் வகுப்பில் நானும் படித்தேன், பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்கு எழுதினேன். அந்த வழக்கு எங்கள் ஆயாவின் கிணற்றைப் பற்றியது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோல் எங்கள் பக்கத்துக்குச் சோறும் போட்டிருக்கிறது. என்னோடு படித்த பலரின் அம்மாக்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய் வேலை செய்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆயாவின் தங்கை மகளும் அதில் ஒருவர். ‘கம்பெனி வேணாம்’ என்று ஆயாகூட ஒருநாளும் சொன்னதில்லை. “தண்ணிய மட்டும் விட்டு வெச்சிருக்கலாம்” என்று மட்டும் சொல்லும்.

அப்பாவின் நோட்டு

எங்கள் போர் தண்ணீரும் தோல் தண்ணீர்தானா? ஆயாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. கையில் இருக்கும் மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும்தான் சொல்லும். குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. நாக்கும் சொல்லாது. அதற்கு லேப்தான் வழி. தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வரும்வரை அந்தத் தோட்டத்துக் கீரையைச் சமைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் கீரையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டது. ஒரு பாத்திக் கீரை வெயிலில் காய்ந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான், ஆயா அந்த ஊரில் எதைப் பார்த்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

குரோமியம் இல்லை என்று முடிவு வந்தது. அரக்கோணம் ரயில் ஊர், தோல் ஊர் இல்லை. ஆழத்தில் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கி, பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்ட தண்ணீர்தான் எங்கள் போரில் வருவது. கெடுதல் செய்தது எந்தக் கம்பெனியும் இல்லை. 350 அடிக்குப் போன நாங்கள்தான்.

அம்மாவுக்கு நிம்மதி. அப்பா வேறு கணக்கு போட்டார்.

“அதான் தண்ணி சரியில்லன்னு ஆயிடுச்சே. எதுக்கு இன்னும் செடி, கொடின்னு? அடுத்தடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன். அந்த இடத்துல ரெண்டு போர்ஷன் கட்டினா வாடகை வரும். உனக்கும் கல்யாணம் பண்ணணும்.”

அப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. செங்கல் எத்தனை, கம்பி எத்தனை கிலோ, மேஸ்திரி கூலி, வாடகை எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் இருபது வருட உழைப்பின் மேல் சிமென்ட் ஊற்றுவதா என்று சண்டை போட்டேன். அப்பா அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. மெதுவாகச் சொன்னார்.

“நீ செடி சாவறத இப்பதாம்மா பாக்குற. நான் இருபது வயசுலயே பாத்துட்டேன். மண்ணு ஏமாத்தும். வாடகை ஏமாத்தாது.”

எனக்குச் சட்டென்று பேச்சு நின்றுவிட்டது. இத்தனை வருடமாக அப்பாவுக்குத் தோட்டம் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். விடுமுறை நாளில்கூட அவர் பின்பக்கம் போக மாட்டார். அது பிடிக்காததால் இல்லை. இன்னொரு முறை ஏமாற அவருக்கு மனசில்லை.

அடுத்த வாரம் அந்த 1996 தீர்ப்பை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், அதில் ஒரு பத்தியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் முதற்கட்டக் கணக்கெடுப்பின்படி, தோல் பட்டையில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று தீர்ப்பில் இருக்கிறது.

அப்பா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “இதுல நம்ம அறுபது சென்ட்டும் சேர்த்தியா?” என்றார்.

“தெரியலப்பா. சேர்த்தியாத்தான் இருக்கும்.”

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு காலை ‘டமார், டமார்’ என்று சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா கடப்பாரையால் கிணற்றுப் பலகையை உடைத்துக்கொண்டிருந்தார். ஆயா கட்டிலைத் திண்ணைக்கு இழுத்துப் போடச் சொல்லி, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நாங்கள் என்னென்ன செய்தோம்?

ஆள் வைத்துக் கிணற்றைத் தூர் வாரினோம். மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டினோம். அப்பாவின் குழந்தைகள் பயம் நியாயமானதுதான். பிறகு மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பினோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் பைப் இருந்தது. ஆனால் அது தெருச் சாக்கடையைப் பார்த்து இருந்தது! ஜல்லி, மணல், கரி போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி கட்டி, பைப்பை உள்பக்கம் திருப்பினார் அப்பா. 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் தண்ணீர். ஒரு நல்ல ஐப்பசி இரவில் ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும், மாடியின் அழுக்கெல்லாம் அதில்தான் வரும்.

உப்பு ஏறிய பாத்திகளை மேடாக்கி, ஓரத்தில் வடிகால் வெட்டினோம். 2024 வடகிழக்குப் பருவமழை அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கியது. உப்பை வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. ஜிப்சம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மண்ணில் சோடியம் அதிகமாக இருந்தால்தான் அது உதவும். பரிசோதனை செய்யாமல் கொட்டாதீர்கள். மாவட்டந்தோறும் அரசின் மண் பரிசோதனை வசதி இருக்கிறது. தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். தண்ணீருக்கு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

செடிகளையும் பிரித்துக்கொண்டோம். போர் தண்ணீர் தென்னைக்கும் கொத்தவரைக்கும். கிணற்றுத் தண்ணீர் தக்காளி, ரோஜா, மல்லி, கீரைக்கு. பற்றாக்குறை வந்தால் இரண்டையும் பாதிப் பாதி கலந்து ஊற்றுகிறது அம்மா. இலை மேல் படாமல், வேரில், சாயந்திரத்தில். பாத்தியின் மேல் காய்ந்த சருகைக் கனமாகப் பரப்பிவிட்டால் தண்ணீர் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாகச் செடிக்குப் போகலாம். சோப்புத் தண்ணீர் போகக் கூடாது. அதிலும் சோடியம் இருக்கிறது.

2024 மார்கழியில் கிணற்றுத் தண்ணீரில் மீட்டரை முக்கினேன். 460. அம்மாவுக்கு அந்த எண் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. ஆயா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு “ம்” என்றது. வீட்டில் அந்த ‘ம்’முக்குத்தான் மதிப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த வருடம் மே மாதம் கிணறு மறுபடியும் அடி தட்டியது. மூன்று வாரம் தக்காளிப் பாத்தியைச் சும்மா போட்டோம். ஆனால் மண்ணின் மேல் வெள்ளை பூக்கவில்லை.

கடைசியாக...

2025 ஜனவரி 30-ம் தேதி, வேலூர் தோல் ஆலை மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று சொன்னது. அந்தச் செய்தியை டெஸ்க்கில் போட்டது நான்தான். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலை, அன்று ஒரு மணி நேரம் ஆனது. ராத்திரி வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். 1986-லேயே நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆயா, “அந்தக் கெணத்துல தண்ணி இப்ப எப்படிக் கீதாம்?” என்று மட்டும் கேட்டது. போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆயாவால் பயணம் முடியாது. அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

2025 ஜூலையில் தமிழக அரசு ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியபோது, அம்மாவும் பதிவு செய்து காய்கறி விதைப் பாக்கெட்டுகள் வாங்கிக்கொண்டது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை, கூடவே கொத்தவரை. பாக்கெட்டைப் பிரித்ததும் ஆயா கையை நீட்டி எடுத்தது கொத்தவரையைத்தான்.

இப்போது கார்த்திகை. ஆடியில் போட்ட அவரை பந்தல் முழுக்க ஊதாவாகப் பூத்திருக்கிறது. குண்டுமல்லியை மாதக் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும், அப்போதுதான் மாசி, பங்குனியில் மொட்டு வரும். அப்பா அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார். நோட்டு இன்னும் டி.வி ஸ்டாண்டில்தான் இருக்கிறது. போன ஞாயிறு எடுத்துப் பார்த்தேன். இரண்டு போர்ஷன் ஒரு போர்ஷனாகியிருந்தது. அதுவும் மாடியில். பக்கத்தில் பென்சிலால், ‘மாடித் தண்ணி கெணத்துக்கு - பைப் 4 இன்ச்’ என்று எழுதியிருந்தார். என் கல்யாணச் செலவுக் கணக்கில் மட்டும் மாற்றமில்லை. அந்தச் சண்டையைத் தனியாகப் போட்டுக்கொள்கிறேன்.

பிரின்ட்டில் வந்த தப்பைத் திருத்த முடியாது. டிஜிட்டலில் முடியும். எடிட்டரிடம் கேட்டு, அந்தப் பழைய கட்டுரையைத் திறந்து ஏழாவது டிப்ஸை மாற்றினேன்: ‘உங்கள் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, அதைத் தாங்குகிற செடியாக வையுங்கள்.’

அம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

“ஏழு சரி. ஒன்பதாவதுல வேப்பெண்ணெயை எந்நேரம் தெளிக்கணும்னு போடலியே? உச்சி வெயில்ல தெளிச்சா இலை கருகிடாதா?”

அதையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.